ஓடாத மிக்சிகளுக்கு ஓர் அக்கா

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, கடையைத் திறந்து ஒரு மிக்சியின் அடிமூடியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது ராஜபாளையத்தில் தாய்வீட்டுக்குப் போயிருந்த ஞானசுந்தரி அக்காவின் மகள் ஜெபா போன் செய்தாள். "மாமா, அம்மா காலைல எந்திரிக்கவே இல்ல" என்றாள். மிக்சியை அப்படியே போட்டுவிட்டுக் கடையைப் பூட்டினேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறினேன். வழியெல்லாம் ஞானசுந்தரி அக்கா பேசிய பேச்சுதான் நினைவுக்கு வந்தது. மடவார்விளாகம் தாண்டும்போது வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்து சீட்டுக்காரர் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்.

அக்காவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அக்கா ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் டிவி, மிக்சி மெக்கானிக். எங்கள் பழக்கம் என் குற்றத்தில் தொடங்கியது.

அப்போது நான் கழித்துப்போட்ட வயர்களைக் கண்மாய்க்கரையில் குவித்துக் கொளுத்துவேன். ரப்பர் எரிந்தால் செம்பு தனியாக வந்துவிடும். கரைக்கு அந்தப் பக்கம்தான் ஜெபாவைக் கட்டிக்கொடுத்த வீடு. பிள்ளையைப் பார்க்க வந்த அக்கா, கைக்குழந்தை இருமுவதைக் கண்டு, புகை வந்த திசையிலேயே நடந்திருக்கிறார்கள். மறுநாள் என் கடைக்கு வந்து நின்றார்கள்.

"தம்பி, கண்மாயில வயரைக் கொளுத்துதது யாரு?"

"யாருன்னு தெரியலியேக்கா" என்றேன், கண் இமைக்காமல்.

அக்கா பையிலிருந்து பாதி எரிந்த மிக்சி மூடி ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார்கள். அதில் என் கடை ஸ்டிக்கர். பெயர் கருகியிருந்தது, போன் நம்பர் மட்டும் பளிச்சென்று இருந்தது.

"இந்த நம்பருக்குத்தான் போன் போட்டேன். உன் சட்டைப்பையில மணி அடிக்குது பாரு."

அடித்தது. திட்டப் போகிறார்கள் என்று தலையைக் குனிந்தேன். அவர்களோ ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "கொளுத்தாம செம்பை எடுக்க முடியாதாலே? பிளேடு குடு, பாப்போம்" என்றார்கள். அன்று மதியம்வரை இருவரும் உட்கார்ந்து வயர் சீவினோம். ஆலையில் பழகிய கை. நான் ஒன்று முடிப்பதற்குள் அவர்கள் மூன்று முடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு நான் தீப்பெட்டியைத் தொடவில்லை.

சீவ முடியாதவற்றை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. பழைய மின்சாதனங்களை முறைப்படி பிரித்தெடுக்கும் ஆலை ஒன்றை வெளியூரில் விசாரித்துக் கண்டுபிடித்தது அக்காதான். ஆனால் முழு லோடு இருந்தால்தான் லாரி அனுப்புவார்களாம். மாதம் ஒரு ஞாயிறு, காலை ஆராதனை முடிந்த கையோடு, லோடு ஆட்டோவில் மைக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பினோம். இரண்டு ஊர்த் தெருக்களிலும் அவர்கள் குரல் கேட்டது: "ஓடாத மிக்சி, பேசாத ரேடியோ, படம் தெரியாத டிவி! பரண்ல படுத்துக் கெடக்குறதையெல்லாம் எழுப்பி அனுப்புங்கம்மா!"

கோவில் பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் வீட்டில் செத்துப்போன டிவி ஒன்று இருந்தது. அதன்மேல் ஆண்டாள் படம், மாலை, விளக்கு.

"அதை எடுக்கப்படாது. நாச்சியார் அதுமேலன்னா எழுந்தருளியிருக்கா" என்றார் பெரியவர்.

அக்கா ஒன்றும் வாதாடவில்லை. அடுத்த மாத ஞாயிறு தம் வீட்டிலிருந்து நல்ல மர ஸ்டூல் ஒன்றைத் துடைத்துக் கொண்டுவந்தார்கள். "சாமி, நாங்க தொட மாட்டோம். நீங்க குளிச்சிட்டு வந்து நாச்சியாரை இதுக்கு மாத்துங்க. செத்த நேரம் நிக்கோம்" என்றார்கள். பெரியவர் நிதானமாகக் குளித்து, நாமம் இட்டு, படத்தை மாற்றினார். பிறகு எங்கள் இருவர் கையிலும் சூடாகப் பொங்கல் வைத்தார். அக்கா சாப்பிட்டுவிட்டு, "நெய் எம்புட்டு ஊத்தினாலும் உப்பு ஒரு கல்லு கம்மி சாமி" என்றார்கள். கோபித்துக்கொள்ளப் போகிறார் என்று நான் ஆட்டோவைப் பார்த்தேன். பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தார். அதற்குப் பிறகு அந்தத் தெரு முழுக்க எங்களுக்குச் சாமான் சேர்த்துக் கொடுத்தவர் அவர்தான்.

சேர்த்ததையெல்லாம் ராஜபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்துப் பின்கொட்டகையில் அடுக்கினோம். முக்கால் லோடு ஆனபோது மண்டபக்காரர், "வெள்ளிக்கிழமை முகூர்த்தம். அதுக்குள்ள காலி பண்ணலேன்னா பழைய இரும்புக்காரனை வரச்சொல்லிருவேன்" என்றுவிட்டார். அங்கே போனால் மறுபடியும் நெருப்புதான். இருந்ததோ மூன்று நாள்.

அக்கா தளவாய்புரத்துக்குக் கிளம்பினார்கள். நைட்டி தைக்கும் வீடுகளில் ஏறி இறங்கினார்கள். வெந்துபோன அயர்ன் பாக்ஸ், காயில் கருகிய தையல் மோட்டார், பேன், பழைய கம்ப்யூட்டர். "மைக்கெல்லாம் எதுக்கு, என் தொண்டையே போதும்லா?" என்று சொல்லிச் சொல்லியே குரல் கட்டிப்போனது.

வியாழன் மாலை லாரி வந்தபோது கொட்டகை நிரம்பி வழிந்தது. முன்வாசலில் மாப்பிள்ளை அழைப்புக்குப் பேண்டு செட்டு வந்து நின்றது. அக்கா நேராக அவர்களிடம் போய், கட்டிய குரலில் கேட்டார்கள்: "ஒரு பாட்டு வாசிங்கப்பா. இதுகளும் ஒரு வீட்ல இருந்து இன்னொரு வீட்டுக்குத்தான போகுது!"

வாசித்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் கைதட்ட, டிரம்பெட் முழங்க, செத்த டிவிகள் ஒவ்வொன்றாக லாரியில் ஏறின. மண்டபக்காரரே ஒரு கிரைண்டரைத் தூக்கிக் கொடுத்தார். அதன்பின் ஒவ்வொரு லோடும் அந்தக் கொட்டகையிலிருந்துதான் போனது.

அடக்கம் முடிந்த மறுநாள் ஜெபா என்னைக் கூப்பிட்டு, அம்மாவின் கட்டிலுக்கு அடியில் காட்டினாள். சேலையில் மூடி, இரண்டு ஓடாத மிக்சி, ஒரு டேபிள் பேன், அக்காவின் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோது கேட்ட டிரான்சிஸ்டர்.

"ஊரையெல்லாம் வெரட்டி வாங்கினாவ, இதைப் பாத்தியளா மாமா?"

என்னிடம் ரிப்பேருக்குக்கூடக் கொண்டுவரவில்லை. கொண்டுவந்தால் மாட்டிக்கொள்வோம் என்று தெரியும் அவர்களுக்கு. துக்க வீடு என்பதையே மறந்து இருவரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம்.

மிக்சிகளையும் பேனையும் ஆட்டோவில் ஏற்றினேன். டிரான்சிஸ்டரை அதே சேலையில் சுற்றி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன்.

போய் வாருங்கள், அக்கா. அதை மட்டும் நாங்கள் பார்க்கவில்லை.