மேவிஸும் பொய் ஜன்னலும்

மேவிஸ் டிரான்டர் பிடிவாதக்காரி. அத்தை வழியாக அவளுக்கு வந்த மூலைக் கல்வீடோ அவளைவிடப் பிடிவாதம். இங்கிலாந்தின் பாத் நகரத்தில் அதுபோல இருநூறு வருஷத்து வீடென்றால் பாதுகாக்கப்பட்ட கட்டடம். நகராட்சியைக் கேட்காமல் ஒரு கல்லைத் தொட முடியாது.

பஸ் ஓட்டிக்கொண்டிருந்த அவள் கணவன் ஹெர்பர்ட்டுக்குப் பக்கவாதம் வந்து கால்கள் விழுந்துவிட்டன. இரண்டாம் மாடிப் படுக்கையறையில் கிடந்தான். அங்கிருந்த ஒரே ஜன்னலில் பக்கத்து வீட்டுச் சுவர்தான் தெரியும். தெருப்பக்கம் வெளியிலிருந்து பார்த்தால் இன்னொரு ஜன்னல் உண்டு. சட்டம், விளிம்பு எல்லாம் சரியாக இருக்கும். கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் கல். ஒவ்வொரு ஜன்னலுக்கும் அந்தக் காலத்தில் அரசு வாங்கிய வரிக்குப் பயந்து அடைத்துவிட்டார்கள் என்று தெருவே சொல்லும். அதைத் திறந்தால் ஹெர்பர்ட் படுத்தபடியே பஸ் போவதைப் பார்க்கலாம். அவன் கேட்டது அது ஒன்றுதான்.

மூன்று வருஷம் நகராட்சிக்கு நடையாய் நடந்தாள் மேவிஸ். ஒருவழியாகப் போகாக் என்ற அதிகாரி வந்து சேர்ந்தார். முதல் மாடியில் பூட்டியிருந்த கதவைப் பார்த்து நின்றார்.

“அது விருந்தாளிங்களுக்கு. நீங்க மேல வாங்க,” என்றாள்.

மேலே போய்ச் சுவரைத் தட்டினார். குளிருக்கு நெருப்பு மூட்டும் கணப்புக்குள் தலையை விட்டுப் பார்த்தார்.

“இங்க ஜன்னலே இருந்ததில்லம்மா. உள்ள பூரா புகைபோக்கி. வெறும் சுவரா இருந்தா நல்லா இருக்காதுன்னு, கட்டும்போதே அழகுக்கு வெச்சது.”

“அப்போ இருநூறு வருஷமா இந்த வீடு ஊரை ஏமாத்திட்டிருக்கா? அழகாம் அழகு!”

கட்டிலில் ஹெர்பர்ட் சிரித்தான். “விடு மேவிஸ். கீழ பெரிய ரூம்ல தெருவைப் பார்த்து ஆள் உயரத்துக்கு மூணு ஜன்னல் இருக்கே. நானும் ஒரு விருந்தாளின்னு நெனச்சு அங்க கொண்டுபோய்ப் போடேன்.”

மேவிஸுக்குத் தூக்கிவாரிப்போட்டது. வெயில் பட்டால் கம்பளம் வெளுத்துவிடும் என்று அத்தை அடைத்து வைத்த அறை. அவளும் அப்படியே அடைத்து வைத்திருந்தாள். விருந்தாளி என்று யார் வந்தார்கள்? கிறிஸ்துமஸுக்கு வரும் தங்கைகூட அடுக்களையில்தான் உட்காருவாள்.

“இத்தனை நாள் ஏன்யா வாயத் திறக்கல?”

“அந்தக் கம்பளத்துல ஒருநாள் பூட்ஸோட நின்னதுக்கே ஒரு வாரம் பேசாம இருந்தவளாச்சே நீ!”

போகாக் கோட்டைக் கழற்றிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டுக் கட்டிலை இறக்கினார். மேவிஸ் ஜன்னல்களின் மடக்குக் கதவுகளைத் தானே திறந்தாள். அறை முழுக்க வெளிச்சம். கூரையில் சுண்ணாம்புப் பூக்கள் இருப்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. தெருமுனையில் பஸ் திரும்பியது. ஹெர்பர்ட் கையைத் தூக்கினான். ஓட்டுநர் ஹாரன் அடித்துவிட்டுப் போனான்.

தங்க விளிம்புக் கோப்பையில் தேநீர் கொண்டுவந்தாள். “விருந்தாளி எத்தனை நாள் தங்கப்போறாராம்?”

“வீட்டுக்காரி விரட்டுற வரைக்கும்.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். மூன்று வருஷம்! அவன் கேட்ட ஜன்னல் ஒரு மாடி கீழேயே இருந்திருக்கிறது.

ஹெர்பர்ட் அடுத்த இலையுதிர்காலம் வரை இருந்தான். அதற்குள் கட்டிலைச் சுற்றிக் கம்பளம் வெளுத்துவிட்டது. கட்டிலை எடுத்த பிறகு, அது கிடந்த இடம் மட்டும் புதுச் சிவப்பாகத் தெரிந்தது. அந்தக் கதவுகளை மேவிஸ் அப்புறம் அடைக்கவே இல்லை.