ஐந்தாவது பண்பு

தலைவனுக்கு இருக்க வேண்டிய பண்புகள் என்று யாராவது மைக்கைப் பிடித்தால் எனக்குக் காது கொடுத்துக் கேட்க முடியாது. இப்போது நான் வேலை பார்க்கும் ஆபீசில் வருடத்துக்கு ஒருமுறை அதற்கென்றே கோட்டு போட்ட ஒருவரைக் கூட்டிவருகிறார்கள். சாப்பாட்டு நேரம் வரை கடைசி வரிசையில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தத் தலைப்பில் நானும் ஒரு முறை பேசியிருக்கிறேன். முதல் பரிசுகூட வாங்கினேன். அதோடு எங்கள் அப்பாவின் கதை முடிந்தது.

அப்போது நான் ஏழாவது. எண்ணூரில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு எதிரேதான் அப்பா வேலை பார்த்த கம்பெனி. பதினோரு வருடம் காண்ட்ராக்டில் உழைத்துவிட்டு, வேலையை நிரந்தரமாக்கு என்று கேட்டதற்கு அறுபது பேரை ஒரே நாளில் வெளியே நிறுத்திவிட்டார்கள். அறுபது பேரும் கேட்டுக்கு எதிரே சாமியானா போட்டு உட்கார்ந்தார்கள். அப்பாதான் தலைவர். யாரும் ஓட்டுப் போட்டு வைக்கவில்லை. மற்றவர்கள் கத்தும்போது இவர் கத்தமாட்டார், அதனால் எல்லாரும் இவர் முகத்தைப் பார்த்தார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேராகச் சாமியானாவுக்குப் போவேன். தலைவர் பொண்ணு என்று நகர்ந்து இடம் கொடுப்பார்கள். வீட்டில் மூன்று வேளையும் கஞ்சிதான் என்பதெல்லாம் அந்தப் பெருமையில் எனக்கு உறைக்கவே இல்லை.

அந்தச் சமயத்தில் ஆண்டு விழா வந்தது. பேச்சுப் போட்டிக்குத் தமிழ் டீச்சர் எனக்கு நான்கு பண்புகள் எழுதிக் கொடுத்தார். துணிவு, நேர்மை, பொறுமை, தியாகம். ஐந்து நிமிடத்துக்கு அளவெடுத்துத் தைத்த பேச்சு. மணி அடித்தால் அதே இடத்தில் நன்றி வணக்கம் சொல்லி இறங்கிவிட வேண்டும், மீறினால் மார்க் போய்விடும் என்று பத்துத் தடவை சொல்லியிருந்தார். எனக்கு நான்கு போதவில்லை. அப்பா அசந்துபோக வேண்டும் என்று ஒருவருக்கும் தெரியாமல் ஐந்தாவதாக ஒன்றை நானே எழுதிச் சேர்த்தேன். எதிரியையும் மதித்தல். கண்ணால் பார்த்ததைத்தான் எழுதினேன்.

முந்தைய ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கம்பெனி அதிகாரி ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரே அறை வீடு. நான்தான் டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். பத்துப் பேரை மட்டும் உள்ளே எடுத்துக்கொள்கிறோம், முதல் பெயர் உன்னுடையது என்றார் அவர். அப்பா சிரித்துக்கொண்டே, "அறுபது பேரும் உள்ள வந்தா கடைசி ஆளா நான் வரேன் சார். டீ ஆறுது பாருங்க" என்றார். அவர் போன பிறகு அம்மாவிடம், "வெளிய மூச்சு வுடாத" என்றார். என்னிடம் சொல்லவில்லை. நான் சின்னப்பிள்ளைதானே.

விழாவன்று மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் ரோட்டைத் தாண்டி சாமியானா வரைக்கும் கேட்டது. அப்பா ஷேவ் பண்ணிக்கொண்டு, அம்மாவையும் பக்கத்து வீட்டு மாமாவையும் கூட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மாமா அப்பாவுக்கு உயிர்த் தோஸ்து. சாமியானாவிலும் பக்கத்துப் பாய்தான்.

நான்கு பண்புகளையும் மளமளவென்று கொட்டினேன். பிறகு ஐந்தாவது. "என் தந்தையும் ஒரு தலைவர். கம்பெனி அதிகாரி எங்கள் இல்லத்திற்கு வந்தபோது, என் தந்தை அவரை வரவேற்று, தேநீர் கொடுத்து, சிரித்துப் பேசினார்."

மணி அடித்தது. அடுத்த வரி தொண்டை வரை வந்துவிட்டது. மார்க் போய்விடுமே.

"நன்றி, வணக்கம்."

டீச்சர்கள் கைதட்டினார்கள். மாமா மெதுவாகத் திரும்பி அப்பாவைப் பார்த்தார்.

பரிசு ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தால், சாமியானாவிலிருந்து ஏழெட்டுப் பேர் ரோட்டைத் தாண்டி வந்து நின்றிருந்தார்கள்.

"ஆபிசரு வூட்டுக்கு வந்தானா?" என்று மாமா கேட்டார்.

"வந்தாரு."

"இன்னாத்துக்கு?"

அப்பா என் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"டீ குடுத்து சிரிச்சிகினு இருந்தியாமே. எங்களாண்ட ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலியா நைனா உனுக்கு?"

"தப்பா ஒண்ணும் பேசல. என்ன நம்பு."

"நம்பித்தான் நாப்பது நாளா வெயில்ல குந்திகினு கீறோம்."

நான் டிபன் பாக்ஸை உயர்த்திக் காட்டினேன். மாமா அதைப் பார்க்கவே இல்லை.

திரும்பி நடக்கும்போது அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "முடியாதுன்னு சொன்னேன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?"

"எதுக்கு முடியாதுன்னேன்னு கேப்பாங்களே. பத்துன்னு சொன்னா, யாரு அந்தப் பத்துன்னு இன்னிக்கே அடிச்சிப்பாங்க" என்றார் அப்பா.

மறுநாள் அவர் பாயில் வேறு ஒருவர் உட்கார்ந்திருந்தார். இரண்டே வாரத்தில் மாமா தலைமையில் கம்பெனியோடு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். உள்ளே எடுத்தது பத்துப் பேர்கூட இல்லை, ஏழு பேர். மாமா அதில் ஒருவர். மீதிப் பேருக்கு ஏசுவதற்கு அப்பா இருந்தார். உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியுமா? விலை போனவன் வீட்டுக் கூரை ஏன் இன்னும் ஒழுகுகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்பா மீஞ்சூர்ப் பக்கம் லோடு இறக்கப் போனார். சாகும்வரை அந்தக் கேட்டு வழியாக நடக்கவில்லை. அந்த ஒரு வரியை நான் சொல்லி முடித்திருந்தால் அப்பாவின் பெயராவது பிழைத்திருக்கும். போராட்டம் எப்படியும் பிழைத்திருக்காது. எந்தப் பக்கம் புரட்டிப் பார்த்தாலும் இதில் எனக்கு ஆறுதல் இல்லை.

ஆனால் அன்று வீட்டுக்கு நடந்த வழியில் என் கவலையே வேறு. "மணி அடிச்சிட்டாங்கப்பா. இன்னும் கொஞ்சம் எழுதியிருந்தேன்" என்று சிணுங்கினேன்.

அப்பா நின்றார். "சொல்லு, கேக்கறேன்."

லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ரோட்டோரத்தில் மேடையில் நிற்பதுபோல் நின்று சொன்னேன். "பத்துப் பேரை மட்டும் சேர்த்துக்கொள்வதாக அவர் சொன்னார். அறுபது பேரும் வந்தால் கடைசி ஆளாக நான் வருவேன் என்று என் தந்தை சொன்னார். இதுவே தலைவனின் பண்பு. நன்றி, வணக்கம்."

அப்பா கைதட்டினார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் ஒருவர்தான், வெகுநேரம் தட்டினார். நான் குனிந்து இன்னொரு வணக்கம் வைத்தேன். கண் ஏன் கலங்குகிறது என்று கேட்டதற்கு, லாரி தூசி என்றார். நானும் சரி என்று டிபன் பாக்ஸைத் திறந்து மூடிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.