சும்மா கிடந்த நாலு பைட்

போன சனிக்கிழமை தலை நிறைய எண்ணெயோடு குற்றாலத்துக்குக் கிளம்பி நிற்கிறேன்... அக்காவிடமிருந்து போன்.

“ஏட்டி, வீரகேரளம்புதூர்லேருந்து ஒரு ஸ்கேன் படமும் வரல. டாக்டர் இங்கன சும்மா உக்காந்திருக்காரு. அங்கன ஒரு பிள்ளத்தாச்சி பயந்துபோய் அழுதுக்கிட்டு இருக்கா. என்னட்டி செஞ்சு வச்சிருக்க?”

அக்காவுக்குத் தென்காசியில் ஸ்கேன் சென்டர், வீரகேரளம்புதூரில் கிளை. அங்கே எடுக்கும் படங்கள் இன்டர்நெட்டுக்குள் தனியாக ஒரு சுரங்கப்பாதை போட்டு இங்கே வந்து சேரும். அந்த புரோகிராம் என் கைவண்ணம். புதிதாக மாற்றி எழுதி, அன்று காலைதான் முதல்முறையாக ஓட விட்டிருந்தேன்.

அதற்காக ஒரு பெரிய காரியமும் செய்திருந்தேன். நான் எழுதும் கம்ப்யூட்டர் மொழிக்கு, எல்லோரும் எழுதிச் சேர்க்கும் ஆயத்தப் புரோகிராம்களின் தொகுப்பு ஒன்று உண்டு; லைப்ரரி என்பார்கள். அதில் இந்தச் சுரங்கத்துக்கு விலாசம் எழுதும் வசதி இல்லை. இரண்டு வாரத்துக்கு முன்பு நானே எழுதி அனுப்பினேன். உலகம் பூராவும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தும் லைப்ரரி! ‘ஓட்டிப் பார்த்தீர்களா?’ என்று அனுப்பும் படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. எழுத்துப்பிழை எதுவும் காட்டாமல் கம்பைல் ஆகிவிட்டதே, போதாதா? டிக் அடித்தேன். லைப்ரரியைப் பார்த்துக்கொள்பவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். தெரு முழுக்கப் பீற்றிக்கொண்டேன்.

எண்ணெய்த் தலையோடு லேப்டாப்பைத் திறந்து பார்த்தால்... தப்பு என்னுடையதேதான். விலாசத்தின் கடைசியில் நாலு பைட் காலி இடம் விட வேண்டும். சும்மாதானே கிடக்கிறது என்று வெட்டியிருக்கிறேன்! அளவு குறைகிறது என்று கம்ப்யூட்டர் அந்த விலாசத்தை வாங்கவே மாட்டேன் என்கிறது.

அவசரமாகப் பழைய புரோகிராமைப் போட்டுப் படங்களை வரவழைத்தேன். தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டர். அப்பாடா!

நடந்ததைச் சொன்னதும் போனிலேயே அக்கா அதிர்ந்தாள். “நெசமாத்தான் சொல்லுதியா? அப்ப ஊரு உலகமெல்லாம் இந்தத் தப்பத்தான் எடுத்து வச்சிருக்கா? யாரும் ஓட்டிப் பாக்கலையா?”

“நான் டிக் அடிச்சிருக்கேம்லா... நம்பிட்டாங்க.”

“வெளங்கும்! போய் எல்லார்ட்டயும் சொல்லுட்டி.”

சத்தமில்லாமல் திருத்திவிடலாமா? ஆசையாகத்தான் இருந்தது. ஆனாலும் எழுதினேன் — தப்பு என்னுடையது, ஓட்டிப் பார்க்காமலே பார்த்ததாகச் சொன்னேன் என்று, லைப்ரரியின் பக்கத்தில் எல்லோரும் பார்க்கும்படி. திருத்தத்தையும் போட்டேன். இந்த முறை ஓட்டிப் பார்த்துவிட்டு.

ஒரு மணி நேரத்தில் பதில். எந்த ஊர்க்காரரோ, முன்பின் தெரியாதவர். ‘நீங்கள் எழுதியதை எடுத்துப் போட்டுவிட்டு, ஒரு வாரமாக என் புரோகிராம்தான் தப்பு என்று மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தேன். இந்த வேலைக்கே லாயக்கில்லை என்று ராஜினாமாக் கடிதம்கூட எழுதிவிட்டேன். நல்லவேளை, சொன்னீர்கள். ரொம்ப நன்றி!’

நன்றியாம்! நன்றாகத் திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.