சேறு விழுங்கிய சத்தம்

கடலைப் பார்க்க மலையிறங்கிப் போகவேண்டிய பதுளையில், கடலடிச் சேற்றின் குணத்தை ஒரு மனிதர் ஏன் ஓயாமல் விளக்கிக்கொண்டிருக்க வேண்டும்? பஸாரில் றேடியோ திருத்தும் ஸரூக் நானா அந்தக் கேள்விக்காகக் காத்திருப்பதில்லை. மேசைக்கடியிலிருந்து இரண்டு பேசின்களை இழுப்பார். ஒன்றின் அடியில் ஆற்றுமணல், மற்றதில் சேறு, இரண்டிலும் தண்ணீர். நீருக்குள் கரண்டியால் தட்டிவிட்டு, றப்பர் குழாயின் நுனியை வந்தவரின் காதில் வைப்பார்.

"ரெண்டும் ஒரே மாதிரித்தான் கேக்குதுங்க நானா. எங்க ரேடியோ எப்பங்க பேசும்?" என்றார் தோட்டத்து மாடசாமி.

"ஒங்கட காதும் என்ட காது மாதிரித்தான் ஈக்கிது" என்று நானா மகிழ்ந்துபோனார்.

வாலிபத்தில் அவர் திருகோணமலையில், ஒலியை அனுப்பி ஆழம் அளக்கும் படகொன்றில் வேலை செய்தவர். மணல் தரை ஒலியை உடனே திருப்பியனுப்பும். இளஞ்சேறு அதை உள்ளே விட்டுவிடும். அடியிலுள்ள கெட்டித் தரைதான் தாமதமாகப் பதில் தரும். அந்தப் பதிலை நானா தண்ணீரின் ஆழமென்று எழுதிக் கொடுத்தார். அதை நம்பிப் போன படகு சேற்றில் குந்திக்கொண்டது. வேலையும் போயிற்று.

"சேறு சத்தத்த முழுங்கிட்டு சும்மா ஈந்திச்சி. நான் அத ஆழம் எண்டு நெனச்சிட்டன்."

தன் மடத்தனத்தை இவ்வளவு ருசித்துச் சொல்பவரிடம் இன்னொன்றும் இருக்கும். கடை போடக் காப்பை விற்கவா என்று மனைவி ஜெனீராவிடம் கேட்டபோது அவள் பேசவில்லை. சம்மதமென்று எடுத்துக்கொண்டார். அது அவளைப் பெற்ற உம்மா கொடுத்த காப்பு. விற்க மனமில்லாதிருந்தாள் என்பது பல வருடம் கழித்தே தெரிந்தது. "அங்கயும் படக சேத்துல ஏத்திட்டன்" என்பார், அவள் பக்கத்தில் இல்லாதபோது.

எழுபத்துமூன்றாம் ஆண்டில் வெளிநாட்டு உதிரிப்பாகங்கள் வருவது நின்று, கடை ஈயோட்டியது. அப்போது பழைய படகுத் தலைவர் ஆள் அனுப்பினார்: புதிய படகு, அதே திருகோணமலைக் குடா, அதே வேலை. எத்தனையோ வருடமாக நானா ஏங்கியது இதற்குத்தான். அந்தச் சேற்றை ஒருமுறையாவது சரியாக அளந்துவிட வேண்டும். பஸாருக்கெல்லாம் சொல்லியாயிற்று. புறப்படும் நாள் காலையில்தான் வீட்டில் கேட்டார்.

"நான் போகவா?"

ஜெனீரா பேசவில்லை. சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

நானா ஏன் போகவில்லை என்று பஸார் இன்னும் கேட்கிறது. எதையும் கதையாக்கும் மனிதர் இதை மட்டும் கதையாக்கியதில்லை. அன்று அவர் செய்தது இவ்வளவுதான்: பெட்டியருகே குந்தி, அவள் மடித்து வைத்த சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறி, மறுபடி கொடியில் போட்டார்.