டிவிக்குள் ஒரு பாடு

ஜெயிக்கிற இடத்தில் நின்றுகொண்டிருந்த என் அம்மா, துள்ளுகிற இறாலை அப்படியே விட்டுவிட்டுப் படகைத் திருப்பிக்கொண்டு போனதை இந்தக் கண்ணால் பார்த்தேன். கோபத்தில் எனக்குக் காது அடைத்துவிட்டது.

"அம்மா! எங்க போற? இறால் அங்கதானே கீது!"

"ஒருவாட்டி வாரியாச்சே. அடுத்தவங்க வரட்டும்."

"அடுத்தவங்களாவது ஒண்ணாவது! இது டிவிம்மா!"

"டிவின்னா இன்னா? ஊரே பாத்துனு கீதே, கண்ணு தெரியலியா உனுக்கு?"

ஊர் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. வலை பின்னும் கூடத்தில் ஆள் நிற்க இடமில்லை. பழவேற்காட்டை ஒட்டிய எங்கள் ஏரிக்கரை ஊரில் அப்போது கடல் மீன்பிடித் தடைக்காலம். ஏரிக்குப் போனவர்கள் போக, மற்ற எல்லோரும் கிழிந்த வலையும் கையுமாக அங்கேதான் கிடந்தார்கள். அம்மா அந்த நல்ல இடத்தை விட்டுப் போனதும், பக்கத்து வீட்டு அத்தையும் ஒரே ஒரு தடவை வலை வீசிவிட்டுக் கிளம்பினார். அவருக்குப் பின்னால் என்னைப் பெற்ற நைனாவும் அப்படியே. ஐயோ, வரிசையாகப் பேருந்தில் ஏறி இறங்குகிற மாதிரி!

அந்த ஆட்டத்தை எழுதியவள் நான். அது ஓடுகிற பெட்டியைச் செய்தவள் என் தோழி. கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாங்கள், சென்னையில் அவள் வீட்டு மாடியறையில் பற்றவைத்த ஈயத்தின் புகையை முகர்ந்து முகர்ந்து உண்டாக்கிய கேம் கன்சோல். டிபன் டப்பா அளவுதான் இருக்கும். டிவியில் செருகினால் நான்கு பேர் ஒரே நேரத்தில் விளையாடலாம். திரையில் ஓர் ஏரி வரும். படகை ஓட்டிப்போய் வலை வீச வேண்டும். கடலும் ஏரியும் கூடுகிற முகத்துவாரத்தில்தான் இறால் கொட்டும். அந்த இடத்தைப் பிடித்து, யாரும் உள்ளே வராமல் காத்தால் வெற்றி. சென்னையில் விளையாடிப் பார்த்தவர்கள் அந்த இடத்துக்காக ஒருவர் ரிமோட்டை ஒருவர் பிடுங்கினார்கள். பிரமாதம் என்று நானும் நம்பிவிட்டேன்.

என் சொந்த ஊர் என்னைக் கவிழ்த்துவிட்டது. எங்கள் ஏரியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. யாருக்கு எந்த இடம் என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு எடுக்கும். அதற்குத்தான் பாடு என்று பெயர். இன்றைக்கு உன் பாடு முகத்துவாரத்தில் என்றால் நாளைக்கு அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிட வேண்டும். அங்கே தங்கமே துள்ளினாலும் சரி. இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் டிவிக்குள்ளும் இதைக் கொண்டுபோவார்கள் என்று சத்தியமாக நினைக்கவில்லை.

நகராதவர்கள் என் தம்பியும் அவன் கூட்டாளிகளும் மட்டும்தான். படகில் போகிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் போனில் சுடுகிற ஆட்டம் ஆடுகிறவர்கள், பெரிய கில்லாடிகள். அவர்கள் முகத்துவாரத்தில் நங்கூரம் போட்டு உட்கார்ந்து வாரு வாரென்று வாரினார்கள். "அடுத்தவன் பாட்டுல நின்னு திருடுறானுங்க பாரு" என்று பெண்கள் ஒரு பக்கம் ஏச ஆரம்பித்தார்கள். மறுநாள் அந்தப் பெண்கள் யாரும் டிவிப் பக்கம் வரவில்லை. இரண்டு நாளில் தம்பியும் சலித்துப்போய் ரிமோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டான்.

தோழி போன் செய்தபோது மறைக்காமல் சொன்னேன். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. பொறுமையாகப் பேசினாள், அதுதான் பயமாக இருந்தது.

"பெரிய பெரிய கம்பெனியே இதுல முழிக்குது. வீட்டோட உக்காந்து சிரிச்சு ஆடறவங்களுக்குச் செய்யணும், இல்ல வெறி பிடிச்சு ஆடறவங்களுக்குச் செய்யணும். நீ ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால் வைக்கற. பெங்களூர்ல வேலைக்குக் கூப்பிட்டுட்டே இருக்காங்க. ஞாயித்துக்கிழமை வரேன். இந்த ரெண்டு வகை ஆளும் ஒரே ஆட்டத்துல உக்காந்தா சரி, மேல போலாம். இல்லைன்னா பெட்டியை எடுத்துட்டுப் போயிடறேன்."

அவள் போனால் பெட்டி இல்லை. எனக்கு ஆட்டம் எழுதத் தெரியும், ஒரு ஒயரைப் பற்றவைக்கத் தெரியாது. சோறு இறங்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் நண்டுக் குழம்பு. தம்பி நண்டின் ஓட்டை உடைத்துக்கொண்டே பழித்தான்: "அக்கா, தப்பா நெனச்சிக்காத. உன் ஆட்டம் பேஜாரு. நல்ல எடம் கெடச்சவன் ஜெயிக்கிறான். அதுல இன்னா கெத்து கீது?"

அம்மா குழம்பு ஊற்றிக்கொண்டே ஒத்து ஊதினாள்: "அதத்தான் நானும் சொல்றேன். நல்ல எடத்த ஒருத்தனே புடிச்சினு இருந்தா மத்தவன் இன்னாத்துக்கு வரணும்?"

கையில் எடுத்த சோறு கையிலேயே நின்றது. ஒருவன் ஆட்டம் சுலபம் என்கிறான், ஒருத்தி ஆட்டம் அநியாயம் என்கிறாள். இரண்டு பேரும் ஒரே இடத்தைத்தான் குத்திக் காட்டுகிறார்கள்! நான் எழுந்து தட்டோடு குதிக்க ஆரம்பித்தேன். "பைத்தியம் புடிச்சிச்சா உனுக்கு?" என்று நைனா கேட்டார். பிடித்துத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆட்டத்தைப் புரட்டிப் போட்டேன். சீட்டுப் போட்டு வந்த இடத்தில்தான் ஆட வேண்டும். மறுநாள் பெட்டியே நினைவு வைத்துக்கொண்டு எல்லோரையும் ஓரிடம் நகர்த்தும். சேற்றில் நின்றவருக்கு அடுத்த நாள் முகத்துவாரம், முகத்துவாரத்தில் நின்றவருக்குப் பாசி படர்ந்த இடம், இப்படி. ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு குணம் வைத்தேன். முகத்துவாரத்தில் இறால் அதிகம், ஆனால் அசந்தால் நீரோட்டத்தின் இழுப்பு வலையைக் கடலுக்குக் கொண்டுபோய்விடும். சேற்றில் இறால் ஒளிந்திருக்கும். பொறுமையாகப் பொத்தானை அழுத்திப் பிடித்து, மெதுவாக விட்டால்தான் மேலே வரும். அங்கே ஜெயிக்கவும் முடியும். ஆனால் விரல் தேய்ந்துவிடும்.

தோழி வந்தாள். தோளில் பை, கையில் காலி அட்டைப்பெட்டி. பெட்டியை எடுத்துப்போகத்தான்.

பாடு எடுக்கிறோம் என்று சொன்னதுதான் தாமதம், கூடம் நிரம்பிவிட்டது. பிளாஸ்டிக் பக்கெட்டில் வீட்டுக்கொரு சீட்டு. ஊர் வழக்கப்படி வீட்டு ஆம்பிளை பேரில். சேறு என்று சொல்லி எடுத்த சீட்டில் நைனாவின் பேர். உடனே அவர் அதைத் தம்பியிடம் நீட்டினார்.

"கெட்ட எடம். நீ ஆடு, நீதான் ஆடுவ."

அப்போது அம்மா எழுந்தாள். மடியில் இருந்த வலையைக் கீழே வைத்தாள்.

"எம்பேர்ல ஒரு சீட்டு போடு."

நைனா சிரித்துப் பார்த்தார். "ஏமே, பொம்பளைக்கு ஏது பாடு?"

"ஏரியில இல்ல, சரி. இது ஏரியா? டிவிதானே?"

அடேயப்பா! சுருக்கென்று தைத்தது. தண்ணீரில் உட்கார்ந்து கையால் இறால் தடவிப் பிடித்துத் தன் விரலெல்லாம் வெட்டுப்பட்ட என் அம்மா, இதுவரை எந்தச் சீட்டிலும் இருந்ததில்லை. "எனுக்கும் போடு!" என்று பக்கத்து வீட்டு அத்தை கத்தினார். பின்னாலிருந்து இன்னொரு குரல், இன்னொன்று. "வூட்டுக்கு ஒண்ணுதான் கணக்கு" என்று ஆண்கள் குரல் எழுப்ப, "அந்தக் கணக்க ஏரியில வெச்சிக்கோ" என்று பெண்கள் திருப்பிக் கொடுக்க, ஒரே அமளி. நான் யாரிடமும் கேட்கவில்லை. பேப்பரைக் கிழித்துக் கிழித்து, அம்மா முதல் தம்பி வரை எல்லோர் பேரையும் எழுதினேன்.

மறுபடி எடுத்தோம். தோழி கதவோரம் கை கட்டி நின்றிருந்தாள். முதல் ஆட்டத்துக்கு அமைந்த பொருத்தம் இருக்கிறதே, அது யாரும் செய்து வைத்ததில்லை: நைனாவுக்கு முகத்துவாரம், தம்பிக்குப் பாசி, அத்தைக்கு நடு ஏரி. அம்மாவுக்குச் சேறு! அம்மா முகம் சுளிக்கவே இல்லை. புடவையைச் செருகிக்கொண்டு டிவிக்கு நேராகக் குந்தினாள்.

முதலில் நைனாதான் வாரினார். தெம்பில் திரும்பிப் பார்த்துச் சிரித்த அந்தக் கணத்தில் இழுப்பு வந்து வலையைக் கொண்டுபோனது. "நைனா, வலையோட நீயும் போய்டாத!" என்று தம்பி கலாய்த்தான். அத்தை பொத்தானைத் தட்டின தட்டில் ரிமோட் உடைந்துவிடும் போலிருந்தது. அம்மா அழுத்தினாள், பிடித்தாள், விட்டாள். ஒன்றுமில்லை. மறுபடி அழுத்தினாள், உதட்டைக் கடித்துக்கொண்டு இன்னும் மெதுவாக விட்டாள். இறால் மேலே வந்தது. "ஹோ"வென்று கூடம் அலறியது. அடுத்தது, அதற்கடுத்தது. தம்பி சிரிப்பை நிறுத்திவிட்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். அவன் கூட்டாளிகள் ரெண்டு கட்சியாகப் பிரிந்து, பாதிப்பேர் வெட்கமில்லாமல் அம்மா பக்கம் போய்விட்டார்கள். "விடாத பெரிம்மா, மெதுவா, மெதுவா!" எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. நான் யாருக்காகக் கத்தினேன் என்று கேட்காதீர்கள்.

ஒரே ஒரு இறாலில் தம்பி ஜெயித்தான். எழுந்து நின்றபோது அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "அக்கா, கை ஒதறுது பாரு," என்று நீட்டிக் காட்டினான். "இது ஆட்டம்!"

"இன்னொருவாட்டி வெய்யி," என்றாள் அம்மா.

"உன் பாடு முடிஞ்சிச்சே," என்றார் நைனா, வெகு சந்தோஷமாக. அடுத்த நான்கு பேர் அதற்குள் ரிமோட்டைப் பிடித்துவிட்டார்கள். உலை வைக்கிற நேரம் வரும்வரை யாரும் எழுந்திருக்கவில்லை.

கூடம் காலியானதும் தோழியைப் பார்த்தேன். பறந்து போய்க் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. அவள் டிவியின் பின்னால் குனிந்து ஒயரை உருவிக்கொண்டிருந்தாள்.

"என்னடி பண்ற? ரெண்டு வகை ஆளும் உக்காந்தாங்களா இல்லையா?"

"உக்காந்தாங்க. நல்லாத்தான் இருந்துது." அவள் என்னைப் பார்க்கவில்லை. "ஆனா புதுசா எது வந்தாலும் ஒரு நாள் இப்படித்தான் இருக்கும். திருவிழா மாதிரி. நாளைக்குத் திரும்பி வருவாங்களா? அத நம்பி நான் வேலைய விட முடியாதுடி. பெங்களூருக்கு இன்னிக்குப் பதில் சொல்லணும்."

எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் அவள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. நாளையைப் பற்றி நான் என்ன சத்தியம் செய்ய முடியும்? பெட்டியை அவள் அட்டைப்பெட்டிக்குள் வைத்தாள். நானே மூடியைப் பிடித்துக் கொடுத்தேன். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

விருந்தாளிக்கு டீ கொண்டுவந்த அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அத எங்க எடுத்துனு போற, கண்ணு?"

"சென்னைக்கும்மா."

அம்மா டீ டம்ளரைத் தரையில் வைத்தாள். நேராக வந்து அட்டைப்பெட்டியின் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

"அதெப்டி எடுத்துனு போவ? நாளிக்கு முகத்துவாரம் எம்பாடு!"

எங்கள் வீட்டில் நைனாவின் பாடு உண்டு. தம்பிக்குக் கல்யாணம் ஆனதும் அவனுக்கும் ஒரு பாடு வரும். 'எம்பாடு' என்ற சொல் என் அம்மாவின் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை.

தோழி அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அட்டைப்பெட்டியைத் திறந்து பெட்டியை வெளியே எடுத்து, ஒவ்வொரு ஒயராகத் திரும்பச் செருகினாள். போனை எடுத்துக்கொண்டு வெளியே போய், பெங்களூருக்குப் பேசிவிட்டு வந்தாள். அவள் கண் சிவந்திருந்தது, ஆனால் சிரித்தாள்.

"அம்மா, நாளைக்கு நான் எந்த இடத்துல ஆடணும்?"

அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"உனுக்கு ஏது பாடு? அத நாங்க ஊர்கூடித்தான் சொல்லணும்."