வலைக்கு அந்தப் பக்கத்துப் புல்

செம்மணல் மேடான தேரிக்காட்டில் எங்களுக்கு இருக்கும் நிலத்துக்குக் கல்தூணும் கம்பியும் வைத்து வேலி போட வழியில்லை. என் வீட்டுக்காரர் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். கிழிந்துபோய்க் கழித்துப் போட்ட வலைகளைத் துறைமுகத்திலிருந்து சுருட்டி எடுத்து வந்தார். உடைமரக் கம்புகளை ஊன்றி அந்த வலைகளைக் கட்டி, நிலத்தை நான்கு பங்காகப் பிரித்தோம். ஒரு பங்கில் செம்மறிகள் மேயும்போது மற்ற மூன்றும் சும்மா கிடக்க வேண்டும். கால்நடை மருத்துவர் சொன்ன யோசனை அது.

வீட்டுக்காரரின் அக்கா, என் மதினி, அதைப் பார்த்துவிட்டு இடுப்பில் கைவைத்துச் சிரித்தார்.

“ஏலே தம்பி, கடல்ல மீனு தீந்துபோச்சா? ஆட்டுக்கு வலை போட்டிருக்க?”

மந்தையில் பாதி மதினியின் ஆடுகள். மேய்ப்பது நான். நாலு பேர் கூடி நின்றாலே ஆடுகளுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்கிற ஆள் நான். முதல் வாரமே ஒரு கிடாயின் கொம்பு வலையில் மாட்டிக்கொண்டது. வீட்டுக்காரர் மீனைக் கழற்றுகிற மாதிரியே அதைப் பதமாகக் கழற்றிவிட்டார். அதற்கும் மதினி சிரித்தார்.

ஐப்பசியில் மழை பெய்து வானம் வெறித்த ஒரு காலையில் போய்ப் பார்த்தேன். ஆடு மேய்ந்த பங்கில் வெறும் செம்மணல். அடைத்து வைத்திருந்த பங்குகளில், மணலுக்கு மேல் பச்சையாக ஏதோ பூசினது போல இருந்தது. கிட்டப்போனால் கொழுக்கட்டைப்புல். நாங்கள் யாரும் விதைக்கவில்லை. செத்துப்போனது என்று இத்தனை வருஷமாக நான் மிதித்து நடந்த தூர்களிலிருந்து அது வந்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே நின்றேன். மேலே நடக்கக் கால் வரவில்லை.

அந்த வாரம்தான் மதினியின் ஆடு ஒன்று குட்டி போட்டது. கோடையில் வற்றிப்போன ஆடு, மடியில் பாலில்லை. குட்டி எழுந்து நிற்கவே தள்ளாடியது. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்ததால் வீட்டுக்காரரும் கரையில் இருந்தார். மதினி குட்டியைத் தூக்கிக்கொண்டு நேராக வலைக்கு வந்துவிட்டார்.

“அவுத்து விடுளா. புல்லு கண்ணு முன்னால கெடக்கு. என் ஆடு பட்டினியா நிக்கணுமா?”

“இன்னும் கொஞ்சம் பொறுக்கணும், மதினி.”

“அதை இந்தக் குட்டிகிட்டச் சொல்லு.”

வீட்டுக்காரர் எனக்காகப் பேசினார். “எக்கா, கடலுக்கே வருசந்தோறும் தடைக்காலம் போடுதான். குஞ்சு மீனை வாரிட்டா பொறவு என்னத்தப் பிடிக்க?”

“தடைக்காலத்துல ஒனக்குச் சோறு போட்டது யாரு? நான்லா! இப்ப இந்தக் குட்டிக்கு நீ போடு.”

நான் வலையைத் தாண்டிப்போய்க் குனிந்து, ஆடு கடித்து இழுப்பது போல ஒரு பிடி புல்லை வெடுக்கென்று இழுத்தேன். வேரோடு கையில் வந்துவிட்டது. நூல் மாதிரி வெள்ளை வேர், அதில் ஒட்டிய செம்மணல். அதைக் கொண்டுபோய் மதினியின் கையில் வைத்தேன். இப்போது மேயவிட்டால் எல்லாம் இப்படித்தான் பிடுங்கிக்கொண்டு வரும் என்று சொல்ல நினைத்தேன். அவர் அந்த வேரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் காலையில் தலையில் ஒரு கட்டுப் பூவரசங்குழையோடு வந்து தாய் ஆட்டின் முன்னால் போட்டார். “தின்னு தொலை,” என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. குட்டிக்குப் பசும்பாலைப் புட்டியில் நான் கொடுத்தேன். சில நாள் குடித்தது, சில நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அந்த நாட்களில் தினமும் நான் புல்லை இழுத்துப் பார்த்தேன். தினமும் வேர் கையோடு வந்தது.

புல் முழங்காலுக்கு வளர்ந்து, கதிர் கருஞ்சிவப்பாகப் பூத்தபிறகு ஒரு நாள் இழுத்தேன். தாள் அறுந்தது. வேர் மண்ணிலேயே நின்றது. இன்னொரு தூரை இழுத்தேன். அதுவும் நின்றது. ஒரு சோடிக் கௌதாரி என் காலடியிலிருந்து படபடவென்று எழும்பிப் பறந்தது. இந்த மணலில் கௌதாரியை நான் பார்த்ததே இல்லை.

வீட்டுக்காரர் வலையைத் தூக்கிப் பிடித்தார். ஆடுகள் கத்தவில்லை. தலையைத் தாழ்த்தி உள்ளே போயின. அப்புறம் புல் அறுபடுகிற சத்தம் மட்டும்தான் அந்தக் காடு முழுவதும் கேட்டது. கோயிலுக்குள் நிற்பதுபோல நாங்கள் மூன்று பேரும் நின்றோம். தாய் ஆட்டுக்குப் பால் ஊறியது. குட்டி அதன் மடியை முட்டி முட்டிக் குடித்தது.

சில நாட்களில் புல் பாதியாகக் குறைந்தது. மந்தையை வெளியே பத்தி ஓட்ட வேண்டும். ஆடுகள் தலை நிமிராமல் மேய்வதைப் பார்த்ததும் எனக்கே மனம் வரவில்லை.

“இன்னைக்கு ஒருநாள் கெடக்கட்டுமே, மதினி,” என்றேன்.

“போதும்ளா. மிச்சம் இருக்கும்போதே அடைக்கணும்.”

மதினி ஆடுகளை அடுத்த பங்குக்கு விரட்டிவிட்டு, வலையை இழுத்துக் கம்பில் தானே இறுக்கிக் கட்டினார். குட்டி வலைக்கண்ணுக்குள் மூக்கை நுழைத்து அந்தப் பக்கத்துப் புல்லை முகர்ந்தது. மதினி அதன் மூக்கை மெல்ல வெளியே தள்ளினார்.