மிஸ்டர் சரஸ்வதி ஒரே நாளில் மூன்று தடவை வந்த கதை

1. டெமோ

இரத்தினபுரியில் ஒரு மாணிக்க வியாபாரியின் குடும்பம் நடத்திய தனியார் அருங்காட்சியகத்தில் நான் நிகழ்ச்சிப் பதிவாளராக இருந்தேன். பாடசாலைப் பிள்ளைகள் வந்து, மாணிக்கம் கிடக்கும் சரளை மண்ணை மூங்கில் கூடையில் போட்டுத் தண்ணீரில் அரித்துப் பார்ப்பார்கள். அதுதான் எங்களுடைய பெயர்போன நிகழ்ச்சி. எந்தப் பாடசாலை எந்த நாளில் வருகிறது என்று ஃபோனில் கேட்டுக் கொப்பியில் எழுதி வைப்பது என் வேலை. 2005 வாக்கில் வெளிநாட்டு உதவி கிடைத்ததும், இனி எல்லாம் கம்ப்யூட்டர் சிஸ்டம் என்று பணிப்பாளர் அறிவித்தார்.

அவர் ஓய்வுபெற்ற தேயிலைத் தோட்ட மெனேஜர், சிங்களவர். தோட்டத்தை விட்டுப் பல வருடமாகியும் எங்களுக்கு அவர் 'தொரை'தான். அவரும் அதை வேண்டாம் என்றதில்லை.

இரண்டு பேர் சிஸ்டம் விற்க வந்தார்கள். முதலாமவர், "நீங்கள் எப்படிப் பதிகிறீர்கள் என்று முதலில் ஒரு மாதம் உட்கார்ந்து பார்க்க வேண்டும்" என்றார். தொரைக்குப் பிடிக்கவில்லை. "நம்மிடம் படித்துக்கொண்டு நம்மிடமே விற்பானா?" என்று சிங்களத்தில் கேட்டு அனுப்பிவிட்டார்.

இரண்டாமவர் நிரோஷன். கொழும்பிலிருந்து டை கட்டிக்கொண்டு வந்த தமிழ் இளைஞர். அவருடைய திரையில் எல்லாம் வண்ணமயம். ஒரு மூலையில் 'ரூம் டைப்' என்று ஒரு கட்டம் இருந்தது.

"இது ஹோட்டலுக்குச் செஞ்சதுங்களா?" என்று கேட்டேன்.

"பேஸிக்கா ஹோட்டல்தான் மிஸ். மியூசியமும் அதே மாதிரித்தானே. ஆக்கள் வருவாங்க, கொஞ்ச நேரம் இருப்பாங்க, போவாங்க."

"எங்க புள்ளைங்க ராத்திரி தங்குறதில்லைங்களே."

"அங்க 'டே யூஸ்'னு போடுங்க. சிம்பிள்."

தொரை தலையசைத்தார். அவருக்குத் திரையின் நீல நிறம் பிடித்துவிட்டது.

2. மரியாதைப் பட்டங்கள்

அந்த சிஸ்டத்தில் வருபவருக்கு ஒரு பட்டம் கொடுத்தே ஆக வேண்டும். மிஸ்டர், மிஸஸ், மிஸ், டொக்டர், ரெவரென்ட். பாடசாலை இதில் எது? நிரோஷனிடம் கேட்டேன். "ஏதாவது ஒண்ணப் போடுங்க மிஸ், இல்லாட்டி அடுத்த பேஜுக்குப் போகாது" என்றார். கன்னியர் மடப் பாடசாலையை ரெவரென்ட் ஆக்கினேன். மற்ற எல்லாரும் மிஸ்டர். அப்படித்தான் சரஸ்வதி தமிழ் வித்தியாலயம், மிஸ்டர் சரஸ்வதி ஆனது. குடும்பப் பெயர், தமிழ் வித்தியாலயம்.

எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் சரஸ்வதிகளுக்குக் குறைவில்லை. அந்த மாதம் மூன்று சரஸ்வதி வித்தியாலயங்களை ஒரே நாளுக்குப் பதிந்தேன். மூன்று நேரம், மூன்று குழு. ஆனால் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால், பழைய விருந்தாளி திரும்ப வருகிறார் என்று நினைத்து ஒன்றாகச் சேர்த்துவிடும் வசதியையும் நிரோஷன் இலவசமாகப் போட்டுக் கொடுத்திருந்தார். எங்களிடம் சொல்லவில்லை. சிஸ்டமும் சொல்லவில்லை.

3. கேட்டுக்கு வெளியே

அன்றைக்கு உதவி கொடுத்த நிறுவனத்து அம்மையார் சிஸ்டத்தைப் பார்க்க வருவதாக இருந்தது. மெஷினில் அச்சான அட்டை இல்லாமல் யாரையும் உள்ளே விடக் கூடாது என்று தொரை உத்தரவு போட்டிருந்தார்.

நிவித்திகலப் பக்கத்திலிருந்து முதல் சரஸ்வதி வந்தது. அட்டை வந்தது, உள்ளே போனார்கள். இரண்டாவது பஸ் வந்தபோது திரை, 'மிஸ்டர் சரஸ்வதி ஏற்கனவே வந்துவிட்டார்' என்றது. அட்டை வரவில்லை. அதற்குள் மூன்றாவது பஸ்ஸும் வந்து பின்னால் நின்றது. காவலாளி கேட்டைச் சாத்திவிட்டார்.

இரண்டாவது பஸ்ஸில் வந்த பாடசாலையின் அதிபர் ஜெயராணி டீச்சர் இறங்கி என் ஜன்னலுக்கு வந்தார்.

"என்னாங்க மிஸ், புள்ளைங்க வெயில்ல நிக்கிதுங்க."

திரையைத் திருப்பிக் காட்டினேன். அவர் வாசித்தார்.

"நாங்க உள்ளுக்கு வந்தாச்சுன்னு ஒங்க மெஷின் சொல்லுது. அப்ப ரோட்டுல நிக்கிறது யாருங்க?"

தொரை வந்தார். அவருக்குத் தெரிந்த தமிழ், காலையில் தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் ஆட்களுக்கு வேலை பிரித்த தமிழ்.

"இன்னைக்கி இல்ல. அடுத்த கெழமை வா. பஸ்ஸ திருப்பு."

டீச்சர் அவருக்குச் சுத்தமான சிங்களத்தில், 'மாத்தயா' என்று மரியாதையாகவே பதில் சொன்னார். பிள்ளைகள் இருட்டோடு கிளம்பியவர்கள் என்றார். இந்த ஒரு பயணத்துக்கு அனுமதி வாங்கவே ஒரு பாடசாலைத் தவணை முழுக்கப் போனது என்றார். நாங்கள் பதிந்துவிட்டு வந்தவர்கள், திரும்பிப் போக மாட்டோம் என்றார். தொரை என்னைப் பார்த்தார். நான் மெஷினைப் பார்த்தேன்.

ஹோட்டல் மெஷின்தானே. மிஸ்டர் சரஸ்வதியை 'செக் அவுட்' செய்தேன். அறைச் சாவியைத் திருப்பித் தந்தாரா என்று கேட்டது. ஆம். மினி பாரில் ஏதாவது குடித்தாரா? இல்லை. பிறகு திரும்ப 'செக் இன்'. அட்டை வந்தது. மூன்றாவது பஸ்ஸுக்கும் அவரை இன்னொரு முறை வெளியேற்றி உள்ளே அழைத்தேன். வளைவில் அம்மையாரின் வாகனம் தெரிந்ததும் தொரையே ஓடிப் போய்க் கேட்டைத் திறந்தார்.

ஆனால் மண் ஒரு பாடசாலைக்குத்தான் கொட்டி வைத்திருந்தோம். சிஸ்டம் சொன்ன கணக்கு அது. மற்ற இரண்டு பாடசாலைப் பிள்ளைகளும் அரித்துக் கழித்த மண்ணையே அரித்தார்கள். கைகள் சிவக்க அரித்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை.

"கழிச்சுப் போட்டதுதான் எங்களுக்குங்களா மிஸ்?" என்று ஜெயராணி டீச்சர் மெதுவாகக் கேட்டார். அம்மையார் கூட்டத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

4. அறிக்கை

மாதக் கடைசியில் சிஸ்டம் தானாகவே ஒரு அறிக்கை தந்தது. எங்கள் மிக விசுவாசமான விருந்தாளி மிஸ்டர் சரஸ்வதி, ஒரே நாளில் மூன்று தடவை வந்திருக்கிறார். தொரை அதைப் படித்துப் பார்க்காமல் அனுப்பிவிட்டார். அம்மையாரின் அலுவலகம் பாராட்டிப் பதில் போட்டது. அந்தப் பெரியவரின் படமும், அருங்காட்சியகத்தைப் பற்றி அவர் வாயால் நாலு வரியும் வேண்டுமாம்.

"அந்த ஆள கூப்பிடு" என்றார் தொரை.

விளக்கிச் சொன்னேன். உடனே நிரோஷனுக்கு ஃபோன் போடச் சொன்னார். நிரோஷன் கலங்கவில்லை. "ஸ்கூல் பேரையெல்லாம் கொஞ்சம் வேற வேற மாதிரி வைக்கச் சொல்லலாமே மிஸ்" என்றார். அன்றோடு அந்த சிஸ்டத்தை மூடினோம். அம்மையாருக்கு என்ன பதில் போனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அடுத்ததை ஊரிலேயே ஒரு கம்ப்யூட்டர் வாத்தியார் அக்செஸ் என்ற சாதாரண மென்பொருளில் செய்து தந்தார். நிறமெல்லாம் இல்லை. "ரெண்டு சரஸ்வதி வந்தா நீங்க எப்படிப் பிரிப்பீங்க?" என்றுதான் முதலில் கேட்டார். எந்தத் தோட்டம் என்று கேட்போம் என்றேன். முதல் கட்டமே 'தோட்டம்' ஆனது. ஒவ்வொரு பாடசாலைக்கும் ஒரு எண்ணும் கிடைத்தது. கழித்த மண்ணை அரித்த இரண்டு பாடசாலைகளையும் திரும்ப அழைத்துப் புது மண் கொட்டிக் கொடுத்தோம். ஜெயராணி டீச்சர் வந்தார். பிள்ளைகளோடு பிள்ளையாகத் தானும் ஒரு கூடை அரித்தார்.

கொழும்புப் பாடசாலைகளுக்குத் தோட்டம் ஏது, அந்தக் கட்டம் காலியாகக் கிடக்குமே என்று தொரை குறைப்பட்டார். இப்போது அருங்காட்சியகங்களுக்கு சிஸ்டம் தேர்ந்தெடுக்கும் இளையவர்கள் என்னிடம் கேட்டால் இதைத்தான் சொல்கிறேன். விற்பவர் காட்டும் கட்டங்களை எண்ணாதீர்கள். உங்கள் கேட்டுக்கு வருகிறவர் தன்னை யார் என்று சொல்கிறாரோ, அதை எழுத ஒரு கட்டம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மற்றவர்களுக்கு அது காலியாக இருந்தால் இருக்கட்டும். அதனால் யாரும் ரோட்டில் நிற்கப் போவதில்லை.